"தேக்கம்" என்று எழுதும் முன்: வீட்டு விலைக் குறியீட்டைத் தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

வீட்டு விலைக் குறியீட்டெண்களைத் தொகுத்து வெளியிடும் புள்ளியியல் துறையினருக்கு,

வணக்கம்.

எந்த நாட்டு அறிக்கையை எடுத்தாலும் உங்கள் எழுத்தில் ஒரு வாக்கியம் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் வருகிறது: "கடந்த காலாண்டில் வீட்டு விலைகள் தேசிய அளவில் தேக்க நிலையில் இருந்தன; வட்டாரங்களுக்கிடையே வேறுபாடு காணப்பட்டது." அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது மறுநாள் தலைப்புச் செய்தியாகிறது. பின்னால் இருப்பது பின்னிணைப்பில், பதினான்காம் அட்டவணையில் போய்ப் படுத்துக்கொள்கிறது. என் புகார் முழுவதும் அந்த அரைப்புள்ளியைப் பற்றியதுதான்.

நான் வங்கிக் கடனுக்காக வீடுகளை மதிப்பிடும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். சுவரைத் தட்டிப் பார்ப்பது, கூரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது, பத்திரத்தில் எழுதிய அளவும் தரையில் இருக்கும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று நாடாவை விரித்துச் சரிபார்ப்பது, கடைசியில் ஒரு தொகையை எழுதிக் கையொப்பமிடுவது. அந்தத் தொகைகளில் சில உங்கள் குறியீட்டெண்ணுக்குள்ளும் போயிருக்கும். ஆகவே இதை வெளியாள் சொல்லும் குறையாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே வாரத்தில் பார்த்த இரண்டு வீடுகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. முதலாவது, வேலை தேடி ஆட்கள் வந்து குவியும் ஒரு நகரத்தின் விளிம்பில் இருந்தது. நான் கூடத்தை அளந்துகொண்டிருக்கும்போதே வேறொரு குடும்பம் வாசலில் வந்து நின்று, "முன்பணம் வாங்கிவிட்டீர்களா, இன்னும் பேசலாமா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டது. இரண்டாவது வீடு அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில், ஆலை மூடிய ஒரு சிற்றூரில். அதுதான் பெரிய வீடு, கட்டுமானமும் மேலானது. வாசலில் "வீடு விற்பனைக்கு" என்று ஒரு பலகை. வெயிலில் சிவப்பு எழுத்துகள் வெளிறிப்போயிருந்தன. விலை எழுதிய இடத்தில் மட்டும் புதுச் சாயம். விலையைக் குறைத்து எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. மங்கிப்போன அதே எண்ணை அதே இடத்தில் மறுபடி எழுதியிருந்தார்.

வீட்டுக்காரர் வயதானவர். மகனின் தொழிலுக்காக அந்த வீட்டை அடமானம் வைக்க முயன்றுகொண்டிருந்தார். என்னை உட்கார வைத்துவிட்டு, தகரப் பெட்டியிலிருந்து தாம் வாங்கியபோது எழுதிய பத்திரத்தை எடுத்து விரித்தார். ஒரு தொகையின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "தம்பி, இதற்குக் கீழே ஒரு காசு குறைத்தாலும் நான் ஏமாந்தவன் ஆகிவிடுவேன்" என்றார். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று கேட்டேன். முதல் ஆண்டு நான்கு பேர், அடுத்த ஆண்டு ஒருவர், அதற்குப் பிறகு நான்தான்.

அந்தக் காலாண்டு அறிக்கை வந்தபோது தேசிய எண் அசையவில்லை. முதல் வீடு ஏறிய விலைக்குக் கைமாறிக் கணக்கில் சேர்ந்தது. இரண்டாவது கைமாறவில்லை, கைமாறாத வீடு உங்கள் கணக்கில் பிறப்பதே இல்லை. இவ்விரண்டு ஊர்களையும் உள்ளடக்கிய நாட்டைப் பற்றித்தான் "தேக்கம்" என்று எழுதினீர்கள்.

சராசரி எப்படியெல்லாம் வழுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் அறிக்கையைப் படிப்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். சென்ற ஆண்டு முதல் ஊரில் 50 வீடுகள், ஒவ்வொன்றும் 100 அலகு விலைக்கு விற்றன. இரண்டாம் ஊரில் 50 வீடுகள், ஒவ்வொன்றும் 40க்கு. சராசரி 70. இந்த ஆண்டு இரண்டு ஊர்களிலும் விலை 5 சதவீதம் இறங்கி 95 என்றும் 38 என்றும் ஆகிவிட்டது. ஆனால் இரண்டாம் ஊரில் வாங்குவோர் வற்றிப்போய் 20 வீடுகளே விற்றன. முதல் ஊரில் 80. இப்போது சராசரி 83.6. இரண்டு ஊர்களிலும் இறங்கிய விலை, இரண்டையும் சேர்த்த கணக்கில் 19 சதவீதம் ஏறியிருக்கிறது! இந்தக் குளறுபடியைத் தவிர்க்கத்தான் வீட்டின் தன்மைகளைக் கணக்கில் கொள்ளும் முறைகளும், ஒரே வீட்டின் அடுத்தடுத்த விற்பனைகளை ஒப்பிடும் முறையும் வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அமைப்பான யூரோஸ்டாட்டும் பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் இன்னும் சில அமைப்புகளும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட கையேடு இவற்றையெல்லாம் விரிவாகவே பேசுகிறது. ஆனாலும் பொதுமக்கள் கண்ணில் படுவது பெரும்பாலும் தரகர்களும் இணையதளங்களும் வெளியிடும், எதையும் திருத்தாத பச்சைச் சராசரிதான்.

திருத்திய குறியீட்டிலும் வேறொரு சாய்வு இருக்கிறது. பல குறியீடுகள் வட்டாரங்களை வீடுகளின் மொத்த மதிப்பைக் கொண்டு எடைபோடுகின்றன. 100 அலகு விலையுள்ள ஊருக்கு 40 அலகு விலையுள்ள ஊரைப் போல இரண்டரை மடங்கு எடை. குடும்பங்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருந்தாலும் அப்படித்தான். சொத்து மதிப்பைக் கணக்கிடும் ஒரு நிதி நிறுவனத்துக்கு இது சரியான எடை. "மக்களுடைய வீட்டுக்கு என்ன ஆயிற்று" என்ற கேள்விக்கு இது சரியான எடை அல்ல. எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறோம் என்பதை அறிக்கையின் முதல் பத்தியில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் 2006இல் உச்சம் தொட்ட விலைகள் 2012 தொடக்கம் வரை இறங்கின. ஒரே வீட்டின் அடுத்தடுத்த விற்பனைகளை ஒப்பிடும் கேஸ் ஷில்லர் தேசியக் குறியீட்டின்படி மொத்தச் சரிவு சுமார் 27 சதவீதம். ஆனால் லாஸ் வேகஸில் அது 60 சதவீதத்தைத் தாண்டியது. டல்லஸில் 10 சதவீதத்தை ஒட்டியே நின்றது. லாஸ் வேகஸில் தவணை கட்டிக்கொண்டிருந்தவருக்கும் டல்லஸில் கட்டிக்கொண்டிருந்தவருக்கும் அந்த 27 ஒரு நாளும் எதிர்ப்படவில்லை. பிரிட்டனில் 2007, 2008 சரிவுக்குப் பிறகு லண்டன் சில ஆண்டுகளிலேயே பழைய உச்சத்தைக் கடந்து மேலே போய்விட்டது. இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதிக்கு அதே உச்சத்தைத் தொடவே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. வட அயர்லாந்தில் விலை பாதிக்கும் கீழே போனது. இந்த மூன்றையும் ஒரே எண்ணில் அடைத்து "ஐக்கிய இராச்சியத்தில் மிதமான மீட்சி" என்று எழுதினால், எழுதிய கணக்கு சரியாகவே இருக்கும். படித்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

வட்டாரங்கள் ஏன் இப்படிப் பிரிகின்றன என்பதற்குப் பொருளியலார் தந்த விடைகளில் இரண்டு என் அனுபவத்தோடு ஒத்துப்போகின்றன. ஒன்று நிலம். அமெரிக்க நகரங்களைச் சுற்றிக் கடலும் ஏரியும் செங்குத்தான சரிவும் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்று அளந்து ஆல்பர்ட் சயீஸ் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பரந்த சமவெளியில் இருக்கும் ஊருக்குப் பத்தாயிரம் பேர் புதிதாக வந்தால் அங்கே வீடுகள் பெருகும். மலைக்கும் கடலுக்கும் நடுவில் நெருக்கியிருக்கும் ஊருக்கு அதே பத்தாயிரம் பேர் வந்தால் விலை பெருகும். கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாக இருந்தாலும் இதே கதைதான். காகிதமும் கடலைப் போலவே வழியை மறிக்கும்.

இரண்டாவது விடை இதைவிட முக்கியமானது. எட்வர்ட் கிளேசரும் ஜோசப் கியோர்கோவும் 2005இல் எழுதியது. வீடு நீண்ட நாள் நிற்கும் பொருள். ஊர் வளரும்போது புது வீடுகள் எழும்புகின்றன. ஊர் தேயும்போது பழைய வீடுகள் எழுந்து ஓடிவிடுவதில்லை. அதனால் வளர்ச்சி வீடுகளின் எண்ணிக்கையில் தெரிகிறது, தேய்வு விலையில் தெரிகிறது. தேயும் ஊரில் விலை கட்டுமானச் செலவுக்கும் கீழே போய்விடுகிறது. அதன் பிறகு அங்கே யாரும் புதிதாகக் கட்டுவதில்லை. கூரையை மாற்றும் செலவுகூட விற்கும்போது திரும்பி வருவதில்லை. டெட்ராய்ட் நகரத்தில் 1950இல் சுமார் 18.5 லட்சம் மக்கள், 2010இல் 7.14 லட்சம். மக்கள் போன வேகத்தில் வீடுகள் போகவில்லை. இப்படிப்பட்ட ஓர் ஊரில் விலை ஓராண்டு "மாறவில்லை" என்றால், அது ஓய்வா, இல்லை இனி இறங்குவதற்கு இடமில்லாத தரையா? உங்கள் அட்டவணையில் இரண்டுக்கும் 0.0 தான்.

தேக்கம் என்ற சொல்லையே கொஞ்சம் பார்க்கலாம். தமிழில் அது கெட்ட சொல் மட்டும் அல்ல. நீர்த்தேக்கம் என்றும் சொல்கிறோம். நீர்மட்டம் அசையாமல் இருக்கிறது என்றால், வருகிற நீரும் போகிற நீரும் சமமாக இருக்கலாம். வரத்தும் இல்லாமல் போக்கும் இல்லாமல் பாசி படிந்து கிடக்கலாம். மதகு பழுதாகித் திறக்க முடியாமலும் இருக்கலாம். கரையில் நின்று அளவுகோலைப் படிப்பவனுக்கு மூன்றும் ஒரே எண். உங்கள் குறியீட்டெண் அந்த அளவுகோல். மதகை யார் பார்ப்பது?

மதகு அடைபட்டதற்குச் சமீபத்திய சான்று அமெரிக்காவின் 2023. அங்கே முப்பது ஆண்டு வீட்டுக் கடனுக்கான நிலையான வட்டி 2021 தொடக்கத்தில் 3 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 2023 அக்டோபரில் 8 சதவீதத்தை நெருங்கியது. வட்டி இப்படி ஏறினால் விலை சரிய வேண்டும் என்பது பாடநூல். சரியவில்லை. 3 சதவீதக் கடனில் இருப்பவர் அந்த வீட்டை விற்றால் அடுத்த வீட்டுக்கு 7 சதவீதத்தில் கடன் வாங்க வேண்டும், ஆகவே விற்கவில்லை. பழைய வீடுகளின் விற்பனை 2023இல் சுமார் 41 லட்சத்துக்கு இறங்கியது, 1995க்குப் பிறகு அதுவரை காணாத குறைவு. விலையை மட்டும் பார்த்தவர் சந்தை உறுதியாக இருக்கிறது என்றார். விற்பனை எண்ணிக்கையையும் பார்த்தவர் சந்தை உறைந்திருக்கிறது என்றார்.

பலகைக்காரரிடம் நான் கண்டது இன்னொரு வகை அடைப்பு. பொருளியலாளர்கள் டேவிட் ஜெனசோவும் கிறிஸ்டோபர் மேயரும் 1990களின் பாஸ்டன் அடுக்ககச் சந்தையை ஆராய்ந்து 2001இல் எழுதியதைப் படித்தபோது அந்தத் தகரப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. வாங்கிய விலைக்கும் கீழே விற்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள், எதிர்பார்க்கக்கூடிய விலைக்கும் வாங்கிய விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் 25 முதல் 35 சதவீதம் வரை தங்கள் கேட்கும் விலையில் ஏற்றி வைத்தார்களாம். அதனால் அதிக நாள் காத்திருந்தார்கள். வீட்டுச் சந்தை பங்குச் சந்தை அல்ல. இங்கே விலை முதலில் இறங்குவதில்லை, முதலில் நிற்பது வியாபாரம். இறங்கும் வட்டாரம் பல ஆண்டுகளுக்குத் தேங்கிய வட்டாரம் போலவே தோற்றமளிப்பது இதனால்தான். கட்டுநர்களும் இதில் கைதேர்ந்தவர்கள். விலைப்பட்டியலில் ஒரு காசு குறைக்க மாட்டார்கள். வாகன நிறுத்தம் இலவசம், பதிவுச் செலவு எங்களுடையது, அலமாரிகள் செய்து தருகிறோம் என்று பக்கவாட்டில் குறைப்பார்கள். பத்திரத்தில் ஏறுவது முழு விலை.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். விற்பனையே நடக்காத தெருவில் ஒரு வீட்டை மதிப்பிடச் சொன்னால் மதிப்பீட்டாளர் என்ன செய்வார்? சென்ற முறை எழுதிய தொகையை எடுத்துப் பார்ப்பார். அதிலிருந்து விலகி எழுதினால் வங்கி கேள்வி கேட்கும்; அதையே எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். மதிப்பீடுகளை வைத்துத் தொகுக்கும் குறியீடுகள் உண்மை விலையைவிட மெதுவாக அசைவதும், ஏற்ற இறக்கங்களை மழுப்புவதும் இதனால்தான். விற்பனை வற்றிய வட்டாரத்தில் நீங்கள் காணும் "மாற்றமில்லை" என்பதில் ஒரு பங்கு எங்கள் சோம்பல்.

ஒரே வீட்டின் அடுத்தடுத்த விற்பனைகளை ஒப்பிடும் முறை இதைவிட நேர்மையானது. பெய்லி, மூத், நூர்ஸ் என்ற மூவர் 1963இல் முன்வைத்த இதை 1980களில் கார்ல் கேஸும் ராபர்ட் ஷில்லரும் மேம்படுத்தினார்கள். ஆனால் இரண்டு முறை விற்ற வீடுதான் இதில் வரும். ஓடும் ஊரில் ஒரு வீடு பத்தாண்டில் மூன்று முறை கைமாறும். நிற்கும் ஊரில் ஒரு தலைமுறையில் ஒரு முறை. நிற்கும் ஊரிலிருந்து வரும் சிறு எண்ணிக்கையும் அங்கே விற்க முடிந்த நல்ல வீடுகள். விற்க முடியாதவை வெளியே நிற்கின்றன. நோயாளிகளில் நடந்து வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஊரின் உடல்நலத்தைப் பற்றிப் பேசுவது போல இது.

இனிப் பணவீக்கம். இதை விரித்துச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அத்தனை எளிய கணக்கு. ஆனாலும் தலைப்பில் அது வருவதே இல்லை. பணவீக்கம் ஆண்டுக்கு 3 சதவீதம், விலை பத்து ஆண்டுகள் அசையவில்லை என்றால், வீட்டின் உண்மை மதிப்பில் கால் பங்கு போய்விட்டது. 6 சதவீதமானால் 12 ஆண்டுகளில் பாதி. பெட்டியிலிருந்த பத்திரத்தில் பெரியவர் விரல் வைத்துக் காட்டிய தொகை அப்படியேதான் இருந்தது. அந்தத் தொகைக்கு என்ன வாங்கலாம் என்பது மட்டும் ஒவ்வோர் ஆண்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. "இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன்" என்று அவர் காத்திருந்த ஆண்டுகளில் அவர் ஏற்கெனவே கீழே கொடுத்துவிட்டிருந்தார். இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு: நிலையான வட்டியில் பெரிய கடன் வைத்திருப்பவருக்குக் கடனும் அதே போலக் கரைகிறது. ஆக, ஒரே தேக்கம் கடனில்லாத முதியவரிடமிருந்து எடுக்கிறது, கடனாளியான இளையவரிடம் அவ்வளவாக எடுப்பதில்லை. பழைய வீட்டின் தேய்மானத்தையும் பராமரிப்பையும் இதில் நான் சேர்க்கவே இல்லை.

நெடுங்காலம் என்ற பேச்சு வந்தால் ஆம்ஸ்டர்டாமின் ஹெரன்கிராக்ட் கால்வாயைச் சொல்ல வேண்டும். அந்தக் கால்வாய்க் கரை வீடுகள் 1628 முதல் 1973 வரை விற்ற விலைகளைத் தொகுத்து பீட் ஐக்ஹோல்ட்ஸ் ஒரு குறியீட்டை உருவாக்கினார். பணவீக்கத்தைக் கழித்தால், ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டில் விலை சுமார் இரண்டு மடங்கு ஆகியிருந்தது, ஆண்டுக்கு 0.2 சதவீதம் அளவு. செல்வம் கொழித்த நகரத்தின் மிகச் சிறந்த கரையிலேயே நிலைமை இதுதான். வீட்டு விலை ஏறிக்கொண்டே இருப்பதுதான் இயல்பு, நிற்பது கோளாறு என்ற எண்ணம் எங்கிருந்து நம் தலையில் ஏறியது என்று நான் பல முறை யோசித்ததுண்டு. உங்கள் வரைபடங்கள் பெரும்பாலும் நாற்பது ஐம்பது ஆண்டுக்கு முன் தொடங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜெர்மனி இதற்கு நேர்த்தியான சான்று. 1990களின் நடுப்பகுதி முதல் 2010 வரை அங்கே தேசிய விலை கிட்டத்தட்ட அசையவே இல்லை. அதே காலத்தில் ஸ்பெயினிலும் அயர்லாந்திலும் பிரிட்டனிலும் விலை பல மடங்காகியது. அப்போது பார்த்தவர்களுக்கு ஜெர்மனி தூங்குவது போலத் தெரிந்திருக்கும். 2008க்குப் பிறகு பார்த்தவர்களுக்கு விழித்திருந்தவர்கள் யார் என்று தெரிந்தது. ஆனால் அந்தத் தட்டையான கோட்டுக்குள்ளும் ஒரு நாடு இல்லை, இரண்டு நாடுகள் இருந்தன. 1990இல் இணைந்த பிறகு கிழக்கில் கட்டுவோருக்கு வரிச்சலுகைகளை அள்ளிக் கொடுத்தார்கள். வீடுகள் எழும்பின, மக்களோ வேலைக்காக மேற்கே போய்க்கொண்டிருந்தார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் கிழக்கில் ஏறத்தாழ பத்து லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. 2002இல் அரசே திட்டம் வகுத்து வீடுகளை இடிக்கத் தொடங்கியது. அதே நேரத்தில் மியூனிக் நாட்டின் விலை மிகுந்த நகரமாகவே இருந்தது. கிழக்கிலிருக்கும் லைப்சிக்கின் சரிவும் மியூனிக்கின் உயர்வும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டதில் கிடைத்த கோட்டைத்தான் "நிலைத்தன்மை" என்று பாராட்டினோம். பின்னர் லைப்சிக்கிலும் மக்கள் திரும்பி வந்து விலை ஏறியது தனிக் கதை.

ஜப்பானில் இந்தப் பிளவு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 1991 வாக்கில் உச்சத்திலிருந்து சரியத் தொடங்கிய நில விலை பதினைந்து ஆண்டுகளுக்குச் சரிந்துகொண்டே இருந்தது. 2023இல் எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 90 லட்சம் வீடுகள் காலி, மொத்தத்தில் 13.8 சதவீதம். அதே 2023இல் டோக்கியோவின் 23 வட்டங்களில் புதிய அடுக்கக வீட்டின் சராசரி விலை 10 கோடி யென்னைத் தாண்டியது. இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லாத வீடும் எட்டாத உயரத்திலிருக்கும் வீடும் ஒரே நாட்டில், ஒரே ஆண்டில்.

இப்படிப் பிரிந்த விலைகள் மனிதரை என்ன செய்கின்றன என்பதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. தேங்கிய ஊரில் ஒரு செவிலியரின் வீட்டை மதிப்பிடப் போயிருந்தேன். பெருநகர மருத்துவமனை ஒன்றில் அவருக்கு நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்திருந்தது. இந்த வீட்டை விற்றுவிட்டு அங்கே சிறியதாக ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். சமையலறை மேடையில் காகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவருடைய மூன்று அறை வீட்டை முழுதாக விற்ற பணத்தில் அந்த நகரத்தில் ஒரு சமையலறையும் அதை ஒட்டிய நடையும் கிடைக்கும். "கதவு வருமா?" என்று கேட்டுச் சிரித்தார். வேலைக்குப் போகவில்லை. அவருடைய வீட்டின் விலை பல ஆண்டுகளாக அப்படியேதான் இருந்தது. உங்கள் மொழியில், அவர் எதையும் இழக்கவில்லை. ஆனால் அந்த நகரம் ஒவ்வோர் ஆண்டும் அவரிடமிருந்து ஓர் அறையாக விலகிப் போய்க்கொண்டிருந்தது. வட்டாரங்களுக்கிடையே விலை விகிதம் என்ன, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்ற எண்ணை எந்த அறிக்கையின் முகப்பிலும் நான் பார்த்ததில்லை. வேலை இருக்கும் இடத்துக்கு மக்கள் ஏன் போகவில்லை என்று வியக்கும் பொருளாதார அறிக்கைகளை மட்டும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாத் தேக்கமும் நோய் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் ஒரு வட்டாரத்தில் விலை 14 ஆண்டுகள் அசையாமல் நின்றால், வருமானத்தோடு ஒப்பிட்ட விலை பாதியாகிவிடுகிறது. யாரும் கடனில் மூழ்காமல், யாருடைய பத்திரத்தையும் சிறுமைப்படுத்தாமல், வாடகையில் இருப்பவர் வாங்கும் நிலைக்கு வந்துவிடுகிறார். விலை எகிறிய ஓர் ஊருக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஊரைப் பற்றியும் "சந்தை மந்தம், முதலீட்டாளர்கள் ஏமாற்றம்" என்றுதான் செய்தி வருகிறது, ஏனென்றால் நீங்கள் கொடுத்தது 0.0 மட்டும். பக்கத்தில் அந்த வட்டாரத்தின் வருமான மாற்றத்தைப் போட்டிருந்தால் தலைப்பு வேறாக இருந்திருக்கும்.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகளை நான் அறிவேன். சிறு வட்டாரத்தில் காலாண்டுக்கு முப்பது விற்பனை. அதில் ஒரு மாளிகை கைமாறினால் குறியீடு குதிக்கும். உண்மை. அப்படியானால் காலாண்டுக்கு ஒரு முறை வேண்டாம், ஆண்டுக்கு ஒரு முறை கொடுங்கள். எத்தனை விற்பனையை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும், எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். "முப்பது விற்பனைதான் நடந்தது" என்பதே அந்த ஊரைப் பற்றிய முதல் செய்தி. சீனாவின் புள்ளியியல் துறை 70 நகரங்களின் விலை மாற்றத்தை மாதந்தோறும் நகரவாரியாக வெளியிடுகிறது. அதன் தரவைப் பற்றி ஐயங்கள் உண்டென்றாலும், நகரம் முதலில் வருகிறது என்ற அந்த ஒழுங்கைப் பார்த்துக் கற்கலாம்.

இன்னொரு மறுப்பு எனக்கு எளிதாகப் படவில்லை. ஒரு வட்டாரத்தை "இறங்குமுகம்" என்று அரசு அமைப்பே முத்திரை குத்தினால் வங்கிகள் அங்கே கடன் தரத் தயங்கும், வாங்குபவர் விலகுவார், சொன்னதே நடந்துவிடும். இந்த அச்சம் வெறும் சாக்கு அல்ல. ஊரின் பெயரைப் பார்த்தே கடன் விண்ணப்பத்தை ஓரம் வைத்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் அப்படி ஓரம் வைத்தவர்களிடம் தெருவாரியான தரவு ஏற்கெனவே இருந்தது. விலை கொடுத்து வாங்கியிருந்தார்கள். பெரிய கட்டுநர்களிடமும் இருக்கிறது. நீங்கள் மறைப்பதால் தெரியாமல் போவது பலகையில் அதே எண்ணை மறுபடி எழுதிக்கொண்டிருந்தவருக்கு மட்டும்தான். ஒருதலையாக இருக்கும் அறிவு அங்கே யாரைக் காப்பாற்றியது?

ஆகவே நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. அறிக்கையின் முதல் பக்கத்தில் வட்டாரப் பட்டியல் வரட்டும், தேசிய எண் அதற்கடியில் வரட்டும். ஒவ்வொரு விலை மாற்றத்துக்கும் பக்கத்தில் பணவீக்கம் கழித்த மாற்றமும் விற்பனை எண்ணிக்கையும் நிற்கட்டும். விற்பனை எண்ணிக்கை முன்னாண்டில் இருந்ததில் பாதியாகிவிட்ட வட்டாரத்துக்குத் தேக்கம் என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். "விலை தெரியவில்லை" என்று எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருக்கும். ஆனால் அதுதான் உண்மை.

பெரியவருடைய வீடு பிறகு விற்றது. அடமானம் கிடைக்கவில்லை, பலகையில் எழுதியிருந்ததற்கு மிகவும் கீழான தொகைக்கு, அந்தத் தொகையை வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டிச் சம்மதித்தார் என்று கேள்விப்பட்டேன். உங்கள் தரவுக் கோப்பில் அது இப்போது ஒரு வரி: பதிவான தேதி, பரப்பளவு, விலை. பலகை எந்த நாளில் ஏறியது, எந்த விலையில் ஏறியது என்பதற்கு அந்த வரியில் இடம் இல்லை. அடுத்த முறை படிவத்தை மாற்றும்போது அந்த இரண்டு கட்டங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வீட்டு மதிப்பீட்டாளர் ஒருவர்